கணவரே என் மேல் போர் தொடுக்கிறார்!

கேள்வி: நானும் கணவரும், அவருடைய அலுவலக நண்பரும் நண்பரின் மனைவியும் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் கூடி போர்டு கேம் விளையாடுவோம். கொஞ்ச நாளாக 'த்ரூ தி ஏஜஸ்'தான். எல்லா ஆட்டத்திலும் கணவர் என்னைத்தான் தாக்குகிறார். போன முறை கடைசிச் சுற்றுக்கு முன்னால் 'வார் ஓவர் கல்ச்சர்' என்ற போர் அட்டையைப் போட்டு என்னிடமிருந்து 21 புள்ளிகளைப் பிடுங்கினார். அவர் படைபலம் 40, என்னுடையது 19, நண்பருடையது 22. கடைசியில் நண்பர் 203, கணவர் 190, நான் 151. கோபப்பட்டால், "கேம்தானே, இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறியே" என்கிறார். நண்பரின் மனைவி இரண்டாம் யுகம் முடிவதற்குள்ளேயே "எனக்குப் போதும்" என்று எழுந்துபோய்விட்டார். மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதாகிறது; நண்பர் ஒவ்வொரு முறையும் அவ்வளவு யோசிக்கிறார். போர் அட்டைகளை எடுத்துவிடலாமா, கேமையே விற்றுவிடலாமா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

போர்டு கேம் கஃபேயில் ஆட்டம் சொல்லிக்கொடுத்து நடத்துவதுதான் என் வேலை. அதனால் முதலில் ஆட்டத்தின் கணக்கைப் பார்க்கிறேன், வீட்டுக் கணக்கு அப்புறம். எண்களை எல்லாம் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. பெரும்பாலான கடிதங்களில் "ரொம்ப அநியாயம் சார்" என்பதைத் தவிர ஒரு தகவலும் இருக்காது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காக நாலு வரி. செக் நாட்டு வடிவமைப்பாளர் விளாதா ஹ்வாதில் உருவாக்கியது. முதல் பதிப்பு 2006-ல் வந்தது, திருத்திய பதிப்பு 2015-ல். இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். ஆளுக்கொரு நாகரிகம், பழங்காலத்தில் விவசாயமும் வெண்கலமுமாகத் தொடங்கி இன்டர்நெட், விண்வெளிப் பயணம் வரை யுகம் யுகமாக வளர்த்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் கல்ச்சர் புள்ளி அதிகம் வைத்திருப்பவர் வெற்றி பெறுவார். வரைபடம் கிடையாது, எல்லைக்கோடு கிடையாது. பக்கத்து நாடு, தூரத்து நாடு என்ற பேச்சே இல்லாததால் யார் வேண்டுமானாலும் யாரையும் தாக்கலாம். உங்கள் பிரச்சினையில் பாதி இங்கேயே ஆரம்பிக்கிறது.

வரைபடம் உள்ள விளையாட்டில் ஒருவர் உங்களைத் தாக்கினால், பக்கத்தில் இருந்தீர்கள், வழியில் இருந்தீர்கள் என்று ஒரு சாக்கு இருக்கும். இங்கே அந்தச் சாக்கு இல்லை. மேஜையில் இருக்கும் மூன்று பேரில் உங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் ஒருவர் அடிக்கிறார். அது வலிக்கும். ஆனால் அவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார் என்பதும் மேஜையிலேயே இருக்கிறது. படைபலக் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடுவில் வைத்த பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் 19, நண்பர் 22. ஆக, கடைசி ஆட்டத்தில் மேஜையிலேயே பலம் குறைந்தவர் நீங்கள்தான். உங்கள் வீட்டுக்காரர் இருந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் அவர் கண் முதலில் உங்கள் மேல்தான் போயிருக்கும்.

சரி, 19-க்கு எப்படி வந்தீர்கள்? கடிதத்தோடு அனுப்பிய குறிப்பில், இரண்டாம் யுகத்தில் 'ரிபப்ளிக்' அரசுக்கு மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது. ஒரு முறையில் எத்தனை வேலை செய்யலாம் என்பதை அரசுதான் தீர்மானிக்கும்; வெள்ளை ஆக்‌ஷன் நாட்டு வேலைக்கு, சிவப்பு ஆக்‌ஷன் ராணுவ வேலைக்கு. ரிபப்ளிக் எடுத்தால் வெள்ளை ஆக்‌ஷன் 7 கிடைக்கும், சிவப்பு ஆக்‌ஷன் 2 மட்டுமே. ஆட்டம் தொடங்கும்போது கையில் இருக்கும் 'டெஸ்பாட்டிசம்' கொடுப்பதும் அதே 2 சிவப்புதான். நாகரிகம் ஆயிரக்கணக்கான ஆண்டு வளர்ந்துவிட்டது, ராணுவத் துறை மட்டும் ஹம்முராபி காலத்திலேயே நிற்கிறது. உங்கள் நண்பர் 'கான்ஸ்டிடியூஷனல் மொனார்க்கி'யில் 6 வெள்ளை, 4 சிவப்பு வைத்திருந்தார். ஒரே ஒரு வெள்ளையை விட்டுக்கொடுத்து இரண்டு சிவப்பு வாங்கிக்கொண்டார்.

சிவப்பு ஆக்‌ஷன் என்றால் படை கட்டுவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மிச்சம் வைக்கும் ஒவ்வொரு சிவப்புக்கும் முறை முடியும்போது ஒரு ராணுவ அட்டை கைக்கு வரும், அதிகபட்சம் மூன்று. தற்காப்பு அட்டை, டாக்டிக்ஸ் (குறிப்பிட்ட படை அமைப்பு இருந்தால் கூடுதல் பலம் தரும் அட்டை), புதிய நிலப்பகுதி, எதிராளி மேல் போடும் தாக்குதல் எல்லாம் அந்தக் கட்டிலிருந்துதான் வர வேண்டும். இரண்டே சிவப்பை வைத்துக்கொண்டு அதையும் செலவழித்துவிட்டால் அட்டையே வராது. கை காலியாக இருக்கிறது என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கப் போன மாதிரிதான். திருடன் வந்தது அவன் தப்பு என்பது வாஸ்தவம், ஆனாலும் தாழ்ப்பாள் என்று ஒன்று இருக்கிறதே.

ரிபப்ளிக் மோசமான அட்டை என்று சொல்லவில்லை. 7 வெள்ளை பெரிய வரம்தான். ஏற்கெனவே நல்ல படையும் கையில் பொருத்தமான டாக்டிக்ஸும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அது இல்லாமல் எடுத்தால் மூன்றாம் யுகத்தில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள்.

இப்போது அந்தப் போர். போர் அட்டை போட்ட உடனே முடிவாகாது. போட்டவருக்கு முன்னால் அப்படியே கிடக்கும். அவருடைய அடுத்த முறை தொடங்கும்போதுதான் இரண்டு பேர் படைபலத்தையும் ஒப்பிடுவார்கள். 'வார் ஓவர் கல்ச்சர்' என்றால் வித்தியாசம் எத்தனையோ அத்தனை புள்ளி கைமாறும்; 40-க்கு 19, அதனால்தான் 21. நடுவில் உங்களுக்கு ஒரு முழு முறை உண்டு. அந்த முறையில் இருந்த உலோகத்தை எல்லாம் போட்டு 'ஃபர்ஸ்ட் ஸ்பேஸ் ஃப்ளைட்' அதிசயத்தைக் கட்டி முடித்தீர்கள், அதில் 22 புள்ளி கிடைத்தது. "அப்போது படை கட்டியிருக்க வேண்டுமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. நீங்கள் செய்ததுதான் சரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் இரண்டு படை இன்னும் பழைய 'வாரியர்ஸ்' ஆகவே இருந்தது, 'ரைபிள்மென்' தொழில்நுட்பம் கையில் இருந்தும் மாற்றவில்லை. ஒன்றை மாற்ற ஒரு சிவப்பு ஆக்‌ஷனும் 3 உலோகமும் ஆகும். பலம் 1-லிருந்து 3 ஆகும். இரண்டு சிவப்புக்கு இரண்டு படை, மொத்தம் 4 பலம் கூடும். வித்தியாசம் 21-லிருந்து 17 ஆகியிருக்கும். மிச்சமாவது நாலு புள்ளிதான், அதற்காக 22 புள்ளியை விடுவதா? உங்கள் வீட்டுக்காரருடைய டாக்டிக்ஸைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்தான், 2015 பதிப்பில் அந்த வசதி உண்டு. ஆனால் அதற்கே 2 சிவப்பு போய்விடும்; அவருடைய படை அமைப்புக்குப் பீரங்கி வேண்டும், உங்களிடம் அது இல்லை. தற்காப்பு அட்டையும் போரில் செல்லாது. 'அக்ரெஷன்' என்கிற உடனடித் தாக்குதலுக்குத்தான் செல்லும். 2006 பதிப்பில் படைகளைப் பலிகொடுத்து அந்த நேரத்துக்குப் பலத்தை ஏற்றலாம், புதிய பதிப்பில் அந்த வழியும் கிடையாது. ஆக, கடைசி முறையில் நீங்கள் என்ன செய்திருந்தாலும் அடி விழுந்தே இருக்கும். ரிபப்ளிக் எடுத்த அன்றே முடிவான விஷயம் அது. அடுத்த முறை மூன்றாம் யுகம் தொடங்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அதிக பலம் உள்ளவருக்கும் எனக்கும் எத்தனை வித்தியாசம்? முதலிடத்துக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. கடைசியில் நிற்காமல் இருந்தாலே பாதித் தொல்லை போகும். நடுவில் வரும் நிகழ்வு அட்டைகளும் பலம் குறைந்தவரிடமிருந்து பிடுங்கி வலுத்தவருக்குக் கொடுக்கும் ரகம்தான் நிறைய.

இதுவரை உங்கள் வீட்டுக்காரர் பக்கம் பேசினேன். அவருக்கும் கொஞ்சம் இருக்கிறது, இந்தப் பத்தியை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

ஐயா, நீங்கள் 190-ல் முடித்து இரண்டாம் இடம் வந்தீர்கள். ஜெயித்தவர் உங்கள் நண்பர், 203. அந்தப் போரை மனைவி மேல் போடாமல் நண்பர் மேல் போட்டிருந்தால்? பலம் 40-க்கு 22, வித்தியாசம் 18. மனைவியிடம் எடுத்த 21-ஐக் கழித்து 18-ஐக் கூட்டினால் உங்களுக்கு 187. நண்பருக்கு 203-லிருந்து 18 போனால் 185. இரண்டு புள்ளியில் நீங்கள் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் அது. 'வார் ஓவர் கல்ச்சர்' எதிராளியிடம் கழித்து உங்களிடம் கூட்டுகிறது. முதலிடத்தில் இருப்பவர் மேல் போட்டால் இடைவெளி இரண்டு பங்காகக் குறையும், கடைசியில் இருப்பவர் மேல் போட்டால் ஒரு பங்குதான். மூன்று புள்ளி கூடக் கிடைக்கிறதே என்று தவறான வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள்.

நண்பர் சும்மா இருந்திருப்பாரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவரிடம் 4 சிவப்பு இருந்தது. ஒரே ஒரு படையை மாற்றி 2 பலம் கூட்டியிருந்தாலும் உங்களுக்கு 185, அவருக்கு 187 என்று முடிவு திரும்பியிருக்கும். ஆனால் அதற்கு அவர் செலவழிக்கும் உலோகமும் ஆக்‌ஷனும் வேறு எங்கோ புள்ளியாகியிருக்க வேண்டியவை. ஜெயிக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். மனைவி மேல் போட்டதில் அதுகூட இல்லை; உறுதியான இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

இனி வீட்டுக் கணக்கு. கஃபேயில் தம்பதிகள் வரும் மேஜைகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நண்பனை அடித்தால் அவன் மனம் நோகுமோ, திங்கட்கிழமை அலுவலகத்தில் முகம் பார்க்க வேண்டுமே என்ற தயக்கம் இருக்கும். நண்பரின் மனைவியை அடிக்கவே முடியாது, விருந்தாளி. மிச்சம் இருப்பது சொந்த மனைவி. "நம்மாளுதானே, கோபித்தாலும் ராத்திரிக்குள் சரியாகிவிடும்" என்று கை தானாக அங்கே போகும். (மனைவியும் கணவனை இப்படித்தான் அடிக்கிறார், அப்போது மேஜையே சிரிக்கும். அது வேறு கதை.) உங்கள் வீட்டுக்காரர் வேண்டுமென்று செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "எல்லா ஆட்டத்திலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பலம் குறைவாக இல்லாத ஆட்டத்திலும் அடி உங்களுக்குத்தான் விழுந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். விழுந்திருந்தால் அது ஆட்டம் இல்லை, பழக்கம். அவரிடம் அழாமல், சண்டை போடாமல், மேலே இருக்கும் 187-185 கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். "ஏன் என்னை அடிச்சீங்க" என்றால் "கேம்தானே" என்று பதில் வரும். "ஏன் ஜெயிக்கிற வழியை விட்டுட்டு என்னை அடிச்சீங்க" என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது.

இன்னொன்றும் கவனித்தேன். விதிகளைச் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். எங்கள் கஃபேயில் சொல்லிக்கொடுப்பவர் கூடவே ஆட உட்கார்ந்தால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: புதியவரைத் தாக்குவதற்கு முந்தைய சுற்றிலேயே, "உங்க பலம் ரொம்பக் கம்மியா இருக்கு, இப்படியே விட்டா யாராவது அடிப்பாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். விதியை முழுசாகத் தெரிந்தவர் சொல்லாமல் வைத்திருந்து அடித்தால் அடிபட்டவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வுதான் வரும். நண்பரின் மனைவி எழுந்துபோனதற்கும் இதில் பங்கு இருக்கலாம்.

அவரைப் பற்றி. நடுவில் ஆட்டத்தை விட்டு விலகுவதை இந்த விளையாட்டின் விதியே அனுமதிக்கிறது. தன் முறையின் அரசியல் கட்டத்தில் விலகிக்கொள்ளலாம். விலகுபவர் மேல் யாராவது போர் போட்டிருந்தால் அவர்களுக்கு 7 புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான். ஆகவே அவர் செய்ததில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தோல்வி தெரிந்த பிறகு இன்னும் நாலு மணி நேரம் உட்கார்ந்து அடிவாங்கு என்று யாரையும் கட்டிப்போட முடியாது. அடுத்த முறை அழைக்கும்போது அவருக்கு இந்த விளையாட்டுதான் பிடிக்கவில்லையா, இவ்வளவு நேரம்தான் பிடிக்கவில்லையா என்று கேளுங்கள். நேரம்தான் பிரச்சினை என்றால் 'செவன் வண்டர்ஸ்' வாங்குங்கள். அன்டுவான் பௌசா உருவாக்கியது, 2010-ல் வந்தது. அதிலும் மூன்று யுகம், அதிசயங்கள், நாகரிகம் எல்லாம் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டை எடுப்பதால் காத்திருப்பே இல்லை. அரைமணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். போர் இடதுபக்கத்து, வலதுபக்கத்து ஆளோடு மட்டும்தான். தோற்றால் ஒரு புள்ளி குறையும், உங்களிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஏழு பேர் வரை உட்காரலாம்.

ஏழு மணி நேர விஷயம். நன்றாகப் பழகியவர்கள் ஆடினாலே ஆளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் விளையாட்டு இது, புதியவர்கள் இருந்தால் இன்னும் கூடும். நாலு பேருக்கு ஏழு மணி என்பது பெரிய அதிசயம் இல்லை. நண்பர் யோசிக்கிறார் என்பதற்காக மணல் கடிகாரம் வைக்காதீர்கள், அவசரத்தில் தப்பாக ஆடி மனசு கெட்டுப்போகும். நான் செய்யச் சொல்வது வேறு. ஒருவர் ஆக்‌ஷன்களை முடித்து உற்பத்திக் கணக்குக்குப் போனதுமே அடுத்தவர் தன் முறையை ஆரம்பித்துவிடட்டும். உணவு, உலோகம், புள்ளி ஏற்றுவது எல்லாம் அவரவர் பலகையில் நடப்பது, மற்றவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இதிலேயே கணிசமான நேரம் மிஞ்சும். அப்புறம், இந்த விளையாட்டுக்கு 2017-ல் மொபைல் செயலி வந்திருக்கிறது. அதன் பயிற்சிப் பகுதி அருமை. நண்பரும் நீங்களும் கணினியோடு நாலைந்து ஆட்டம் ஆடிவிட்டு வந்தால் எந்த அட்டை எந்த யுகத்தில் வரும் என்பது மனசில் பதிந்துவிடும். மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கும் வேலை இருக்காது. நண்பரின் மனைவி வரவில்லையென்றால் மூன்று பேராக ஆடுங்கள். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டு மூன்று பேருக்குத்தான் சரியான அளவு.

போர் அட்டைகளை எடுத்துவிடலாமா? எடுக்கலாம், விளையாட்டு உடைந்துவிடாது. ஆனால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. போர் பயமே இல்லையென்றால் படைக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. எல்லோரும் நூலகம், நாடக அரங்கு என்று கட்டிக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். வேண்டுமானால் ஒரு ஆட்டத்துக்கு 'வார்' அட்டைகளை மட்டும் எடுத்துவிட்டு 'அக்ரெஷன்' அட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். அதில் அடி சின்னது, தற்காப்பு அட்டையும் செல்லும். பலம் குறைந்தால் என்ன ஆகும் என்பது நண்பரின் மனைவிக்கும் பெரிய சேதமில்லாமல் புரியும். மூன்று நாலு பேர் ஆடும்போது 'பேக்ட்' என்ற ஒப்பந்த அட்டைகளையும் மறக்காதீர்கள். சில பேக்ட்கள் இருவரும் ஒருவரையொருவர் தாக்கக் கூடாது என்று தடுக்கும், சில தாக்கினால் முறிந்துபோகும். நண்பரோடு நீங்கள் ஒரு பேக்ட் போட்டுக்கொண்டால் உங்கள் வீட்டுக்காரர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் "காந்தியை எடுத்தால் தப்பிக்கலாமா?" என்று சின்னதாக எழுதியிருந்தீர்கள். மூன்றாம் யுகத்துத் தலைவர் அவர். காந்தி இருந்தால் உங்களைத் தாக்க வருபவர் இரண்டு மடங்கு சிவப்பு ஆக்‌ஷன் செலவழிக்க வேண்டும், நீங்களும் யாரையும் தாக்க முடியாது. நம் ஊரில் பாசத்துக்காகவே அவரை எடுப்பவர்கள் நிறைய. ஆனால் இரண்டு மடங்கு கொடுக்க வசதி உள்ளவரை அது நிறுத்தாது, நிகழ்வு அட்டைகளையும் தடுக்காது. 19 பலத்தை வைத்துக்கொண்டு காந்தியை மட்டும் நம்பாதீர்கள். நண்பருக்குச் சமமாகப் படையை வைத்துக்கொண்டு அவரை எடுங்கள். அப்போது உங்கள் மேல் வருவதற்குப் பதில் நண்பர் மேல் போவது உங்கள் வீட்டுக்காரருக்கு மலிவாக இருக்கும்.